பந்தும் பட்டாளமும்: அமெரிக்க ராணுவ அகாடமிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு

உங்கள் பிள்ளை நன்றாக ஆடுகிறான், படிப்பிலும் கெட்டி என்றால், பள்ளியின் கடைசி இரண்டு வருடங்களில் மூன்று இடங்களில் ஒன்றிலிருந்து போன் வரலாம். தரைப்படைக்கு நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட் பாயிண்ட், கடற்படைக்கு மேரிலாந்தின் அனாபொலிஸ், கொலராடோ ஸ்பிரிங்ஸில் இருக்கும் விமானப்படை அகாடமி. கோச் தேனாகப் பேசுவார். கல்விக் கட்டணம் கிடையாது, மாதாமாதம் கையில் சம்பளம், முதல் தரக் கல்லூரி ஆட்டம், பட்டம் வாங்கிய அன்றே அதிகாரி பதவி. அத்தனையும் உண்மைதான். ஆனால் பையன் தொழில்முறை ஆட்டக்காரனாகும் அளவுக்கு வளர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியை மட்டும் அவராக எடுக்க மாட்டார். நாம்தான் எடுக்க வேண்டும்.

நான் தொழிலால் கணக்குத் தணிக்கை செய்பவள். எந்தக் காகிதம் வந்தாலும் கடைசிப் பக்கத்துச் சின்ன எழுத்தைத்தான் முதலில் படிப்பேன். என் மகன் பேஸ்பாலில் இடது கைப் பந்து வீச்சாளன், இப்போது அனாபொலிஸில் மிட்ஷிப்மேன், அதாவது கடற்படை அகாடமி மாணவன். எங்கள் வீடு எல்லிகாட் சிட்டியில். அகாடமி வாசலுக்கு முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். அவன் சேர்ந்த பிறகு தமிழ்ச் சங்கத்தில் யாரைப் பார்த்தாலும் இதைப் பற்றியே கேட்கிறார்கள். ஊரில் இருக்கும் என் சித்தப்பாவோ, “பிள்ளையைப் பட்டாளத்துல சேர்த்துட்டியாமே?” என்று துக்கம் விசாரிப்பது போல விசாரித்தார். எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில், தகுதி உண்டா?

நம்மவர்கள் பலர் இங்கேதான் இடறுகிறார்கள். அகாடமியில் சேரும் நாளில் பிள்ளை அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். கிரீன் கார்டு போதாது. ஹெச்1 விசாவில் வந்து, பிள்ளைக்கு மூன்று வயதில் இங்கே குடியேறி, கிரீன் கார்டு வரிசையில் இன்னும் நிற்கும் குடும்பம் என்றால் கோச்சிடம் முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, பிள்ளை குட்டி இருக்கக் கூடாது என்பதும் விதி. (என் மகன் இதைக் கேட்டு ஒரு வாரம் சிரித்தான்.)

அப்புறம் பரிந்துரை. இந்த மூன்று இடங்களுக்கும் உங்கள் தொகுதிக் காங்கிரஸ் உறுப்பினர், மாநிலத்தின் இரண்டு செனட்டர்கள், துணை ஜனாதிபதி ஆகியோரில் ஒருவரின் பரிந்துரை வேண்டும். அதற்கென்று தனி விண்ணப்பம், தனிக் கட்டுரை, தனி நேர்காணல் உண்டு. கோச் விரும்பினால் மட்டும் போதாது. ராணுவ அகாடமிகளில் கடலோரக் காவல்படை அகாடமி ஒன்றுதான் இதற்கு விதிவிலக்கு, அங்கே பரிந்துரை தேவையில்லை. மருத்துவப் பரிசோதனையும் கறாராக இருக்கும். ஆஸ்துமா, பழைய எலும்பு முறிவு எதையும் மறைக்காதீர்கள்.

சில ஆட்டக்காரர்களை நேரே எடுக்காமல் ஒரு வருடம் ஆயத்தப் பள்ளிக்கு அனுப்புவார்கள். கடற்படைக்கு அது ரோட் தீவின் நியூபோர்ட்டில் இருக்கிறது. ஒரு வருடம் வீணாகிறதே என்று முகம் சுளிக்க வேண்டாம். பேஸ்பால் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வருடத்தால் வரும் ஒரு லாபத்தைக் கீழே சொல்கிறேன்.

கடன் எவ்வளவு, எப்போது தொடங்குகிறது?

பட்டம் வாங்கிய நாளிலிருந்து குறைந்தது 5 ஆண்டு முழுநேரப் பணி. அதன் பிறகு ரிசர்வில், அதாவது அழைத்தால் வர வேண்டிய காத்திருப்புப் படையில், 3 ஆண்டு. மொத்தம் 8. இது அடிப்படைக் கணக்கு. பிள்ளை விமானம் ஓட்ட ஆசைப்பட்டால் கணக்கே மாறிவிடும். கடற்படை விமானிக்கு 8 ஆண்டு, விமானப்படை விமானிக்கு 10 ஆண்டு. அதுவும் பட்டம் வாங்கிய நாளிலிருந்து எண்ணுவதில்லை. பயிற்சி முடிந்து நெஞ்சில் சிறகுச் சின்னம் குத்தும் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். 22 வயதில் பட்டம், 24 வாக்கில் சிறகு என்றால், கடமை முடியும்போது கடற்படைப் பையனுக்கு 32, விமானப்படைப் பையனுக்கு 34. எந்த ஆட்டத்துக்கும் அது ஓய்வு பெறும் வயது.

ஆகவே நான்காம் வருடத்தில் எந்தப் பிரிவு என்று தேர்ந்தெடுக்கும்போது ஆட்டத்தையும் மனத்தில் வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும். போர் விமானமும் வேண்டும், பெரிய லீக் ஆட்டமும் வேண்டும் என்று கேட்டால் இரண்டும் நடப்பது அபூர்வம். நடந்ததே இல்லை என்று சொல்ல முடியாது: விமானப்படை அகாடமியின் சாட் ஹென்னிங்ஸை 1988-இல் டல்லஸ் கவ்பாய்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணி ட்ராஃப்ட்டில் (அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) எடுத்தது, அவர் போய் ஏ-10 விமானம் ஓட்டினார், வட ஈராக் வானில் பறந்தார், 1992-இல் திரும்பி வந்து அந்த அணியோடு மூன்று முறை சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டியை ஜெயித்தார். ஹென்னிங்ஸ் தற்காப்பு வரிசையில் நிற்கும் மலை போன்ற ஆள். வேகத்தை நம்பி ஆடுகிற பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லித் தேற்றாதீர்கள்.

உண்மையான முடிவு நாள்: மூன்றாம் வருடத்து முதல் வகுப்பு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். அகாடமியில் சேரும் நாளில் பிள்ளை உறுதிமொழி எடுக்கிறான், தலையை ஒட்ட வழிக்கிறார்கள், நாம் அழுகிறோம். ஆனால் அன்று அவன் மாட்டிக்கொள்வதில்லை. முதல் இரண்டு வருடங்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் விலகி வேறு கல்லூரிக்குப் போகலாம். சேவையும் செய்ய வேண்டாம், பணமும் திருப்பித் தர வேண்டாம்.

மூன்றாம் வருடம் தொடங்கும் ஆகஸ்டில் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அனாபொலிஸ் பிள்ளைகள் இதை ‘டூ ஃபார் செவன்’ என்பார்கள்: படித்து முடித்தது இரண்டு வருடம், இனி தரப்போவது ஏழு, அதாவது மீதிப் படிப்பு 2 ஆண்டும் பணி 5 ஆண்டும். அதன் பிறகு விலகினால் சாதாரணச் சிப்பாயாகவோ மாலுமியாகவோ சில வருடம் பணி செய்ய உத்தரவு வரலாம், இல்லை படிப்புச் செலவை அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டிவரலாம். கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டும் வரை ஜாதகத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் புரட்டலாம் அல்லவா, அது மாதிரிதான் இந்த முதல் இரண்டு வருடம்.

கூடைப்பந்து ஆட்டக்காரர் டேவிட் ராபின்சன் கதை இங்கேதான் திரும்பியது. அவர் அனாபொலிஸில் சேர்ந்தபோது ஆறரை அடிக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ இருந்தார், அப்போது உயர வரம்பும் ஆறரை அடிதான். உள்ளே போன பிறகு வளர்ந்துகொண்டே போய் 7 அடி 1 அங்குலத்தில் நின்றார். இரண்டாம் வருட முடிவில் விலகிவிடலாமா என்று யோசித்தார். விலகியிருந்தால் எந்தக் கல்லூரியும் சிவப்புக் கம்பளம் விரித்திருக்கும். அவர் தங்கிவிட்டார். கப்பலுக்குள் அந்த உயரம் அடங்காது என்பதால் அவருக்கு 5 ஆண்டு 2 ஆண்டாகக் குறைந்தது. ஜார்ஜியாவின் கிங்ஸ் பே நீர்மூழ்கித் தளத்தில் கட்டுமானப் பொறியியல் பிரிவில் வேலை. 1987 ட்ராஃப்ட்டில் முதல் ஆளாக எடுத்த சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் 1989 வரை காத்திருந்தது. வந்த முதல் சீசனிலேயே சிறந்த புதுமுகம் விருதை வாங்கினார். இதைச் சொல்லிவிட்டு எல்லாரிடமும் நான் சேர்க்கும் ஒரு வரி: உங்கள் பிள்ளை ஏழடி வளரப்போவதில்லை. அந்தச் சலுகை உயரத்துக்கு வந்தது.

சரி, பேஸ்பால் பெற்றோரே, இங்கே வாருங்கள். நான்காண்டுக் கல்லூரி மாணவனை மேஜர் லீக் (பேஸ்பாலின் உச்ச லீக்) அணிகள் ட்ராஃப்ட்டில் எடுப்பது மூன்றாம் வருடம் முடிந்த பிறகுதான். ட்ராஃப்ட் நடப்பது ஜூலையில். அகாடமிக் கையெழுத்தோ மூன்றாம் வருடம் தொடங்கும்போதே. அதாவது அணிகள் வந்து விலை சொல்லும் முன்பே பிள்ளை அரசுக்குக் கட்டுப்பட்டுவிடுகிறான். மற்றக் கல்லூரிப் பையன்கள், “நல்ல தொகை தராவிட்டால் இன்னொரு வருடம் படிக்கப் போகிறேன்” என்று பேரம் பேசும் இடத்தில் இவனுக்குப் பேச்சே கிடையாது. ஆனால் விதியில் ஒரு சின்ன வரி இருக்கிறது: 21 வயது ஆகிவிட்டால் மூன்றாம் வருடம் முடியக் காத்திருக்க வேண்டாம். ஆயத்தப் பள்ளியில் ஒரு வருடம் கழித்துவிட்டு அகாடமிக்கு வந்த பையனுக்கு இரண்டாம் வருடக் கோடையில் 21 வயது நிரம்பிவிட வாய்ப்புண்டு. அப்படியானால் ஜூலையில் ட்ராஃப்ட், ஆகஸ்டில் கையெழுத்து. யார் என்ன தருகிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். பிறந்த தேதியை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அமெரிக்கன் ஃபுட்பாலில் இந்த வாய்ப்பும் இல்லை. பள்ளி முடித்து மூன்று வருடம் ஆனால்தான் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். எடுக்கும். ஆகவே அங்கே இரண்டாம் வருட முடிவில் கேட்க வேண்டிய கேள்வி, “இவனை வேறு பெரிய கல்லூரி கூப்பிடுமா, கூப்பிட்டால் போவானா?” என்பதுதான். அதைப் பிள்ளையோடு மேசையில் உட்கார்ந்து பேசுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு நடந்தபோது மகன் சொன்னது: “அம்மா, நான் பந்து எறியறதுக்காக இங்க வரலை. ஆனா பந்து எறியாம இருக்கவும் முடியாது.” இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தால் பெற்றவள் என்னதான் செய்வது? அந்தக் கோடை முழுக்க யோசித்துவிட்டு அவனே கையெழுத்துப் போட்டான்.

விதி ஆளுக்கு ஆள் மாறும், ஆண்டுக்கு ஆண்டு மாறும்

பட்டம் வாங்கியதும் நேரே ஆடப் போகலாமா, முதலில் சேவையா? இதற்குக் கடந்த நாற்பது வருடங்களில் வந்த பதில்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் தலை சுற்றும்.

1986-இல் கடற்படை அதிகாரி நெப்போலியன் மெக்கல்லம் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் பணியில் இருந்துகொண்டே லாஸ் ஏஞ்சலஸ் ரைடர்ஸ் அணிக்கு ஆடினார். அனுமதித்தவர் அன்றைய கடற்படைச் செயலர் ஜான் லேமன். அடுத்த ஆண்டு ஜேம்ஸ் வெப் அந்த நாற்காலிக்கு வந்தார், அனுமதி போயிற்று. மெக்கல்லம் 1990-இல்தான் மறுபடி ரைடர்ஸுக்கு ஆட முடிந்தது.

2008-இல் வெஸ்ட் பாயிண்டின் கேலப் கேம்பெல்லை டெட்ராய்ட் லயன்ஸ் ஏழாம் சுற்றில் எடுத்தது. அப்போது தரைப்படையில் ஒரு தனி ஏற்பாடு இருந்தது: ஆடிக்கொண்டே ஆள் சேர்ப்புப் பணி செய்யலாம். ஜூலையில் பயிற்சி முகாம் தொடங்க இருந்த நேரத்தில் அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டார்கள். பையன் மூட்டை முடிச்சோடு முகாமுக்கு வந்து நிற்கிறான், முதலில் சேவை செய்துவிட்டு வா என்று உத்தரவு. இரண்டு வருடம் கழித்து 2010-இல் வந்து லயன்ஸுக்கு ஆடினார்.

2016-இல் கொஞ்சம் தளர்ந்தது. அனாபொலிஸின் கீனன் ரெனால்ட்ஸ் நேரே பால்டிமோர் ரேவன்ஸுக்குப் போனார். 2017-இல் பாதுகாப்புச் செயலர் ஜிம் மேட்டிஸ் மறுபடி இறுக்கினார், குறைந்தது 2 ஆண்டு பணி என்று. விமானப்படை அகாடமியின் ஜேலன் ராபினெட்டுக்கு அந்தச் செய்தி போனது ட்ராஃப்ட் நடந்த வாரத்தில். அவரை யாரும் எடுக்கவில்லை. 2019-இல் ஜனாதிபதி டிரம்ப் கேட்டுக்கொள்ள, செயலர் மார்க் எஸ்பர் மறுபடி கதவைத் திறந்தார்: ஆட்டம் முடியும் வரை சேவையைத் தள்ளிவைக்கலாம், பிறகு வந்து சேவையை முடிக்க வேண்டும் அல்லது படிப்புச் செலவைக் கட்ட வேண்டும். 2022 டிசம்பரில் காங்கிரஸ் சட்டமாகவே போட்டு அதை மூடியது. வெஸ்ட் பாயிண்டின் ஆண்ட்ரே கார்ட்டர் அப்போது கடைசி வருடம், நல்ல சுற்றில் எடுக்கப்படுவார் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊர் சத்தம் போட்டதால், 2021 ஜூன் 1-க்கு முன் அகாடமியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய விதியே என்று அதே மாதத்தில் இன்னொரு சட்டத்தில் திருத்தம் வந்தது. கார்ட்டர் தப்பினார். ஆனாலும் 2023 ட்ராஃப்ட்டில் அவரை ஒரு அணியும் எடுக்கவில்லை. அதன் பிறகே மினசோட்டா வைக்கிங்ஸ் சேர்த்துக்கொண்டது.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது, சேர்ந்த தேதியும் கையெழுத்துத் தேதியும்தான் பிள்ளையின் ஜாதகம். எனவே நான் இங்கே எழுதியிருப்பதை நம்பி முடிவெடுக்காதீர்கள். கோச் சொன்னதையும் நம்பி எடுக்காதீர்கள், பாவம், அவர் கையில் எதுவும் இல்லை. பிள்ளை சேரும் நாளில் எந்தச் சட்டப் பிரிவு, எந்த உத்தரவு அமலில் இருக்கிறது என்பதைத் தேதியோடு எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், வீட்டுக் கணக்கைக் கெட்ட பக்கத்திலிருந்து போடுங்கள்: 5 ஆண்டும் முழுதாகப் பணி, விளையாட்டுக்கு ஒரு நாள்கூடத் தள்ளுபடி கிடையாது. அந்தக் கணக்கிலும் பிள்ளைக்கு அகாடமி பிடித்திருந்தால் அனுப்புங்கள்.

எந்த ஆட்டம் காத்திருக்கும்?

கோல்ஃப் காத்திருக்கும். பில்லி ஹர்லி 2004-இல் அனாபொலிஸில் பட்டம் வாங்கி, 5 ஆண்டு கடற்படையில் பணி முடித்து, பிறகு முழுநேரமாக ஆட வந்து 2016-இல் தொழில்முறை கோல்ஃபின் பி.ஜி.ஏ. போட்டி ஒன்றை வென்றார். ஃபுட்பாலில் முன்வரிசைத் தடுப்பாளன், க்வார்ட்டர்பேக் போன்ற இடங்கள் ஓரளவு காத்திருக்கும். அனாபொலிஸின் ரோஜர் ஸ்டாபாக் 1963-இல் சிறந்த கல்லூரி ஃபுட்பால் ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கியவர், வியட்நாம் உட்பட 4 ஆண்டு கடற்படைப் பணி செய்துவிட்டு 1969-இல் 27 வயதுப் புதுமுகமாக கவ்பாய்ஸுக்கு வந்தார். இரண்டு சூப்பர் பவுல் ஜெயித்தார். வெஸ்ட் பாயிண்டின் அலெஹாந்த்ரோ வில்லனுவேவா தரைப்படையின் சிறப்புப் படைப் பிரிவான ரேஞ்சரில் ஆப்கானிஸ்தானுக்கு மூன்று முறை போய்வந்த பிறகு பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸில் நிலைத்து நின்றார்.

பந்து வீச்சாளனின் தோளும் ஓரளவு காத்திருக்கும், ஆனால் தினமும் எறிந்தால்தான். மிட்ச் ஹாரிஸை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 2008-இல் எடுத்தது. கிட்டத்தட்ட 5 வருடம் கடற்படையில் இருந்தார், கப்பல் மேல்தளத்திலேயே பந்து எறிந்து பழகினார், 2015 ஏப்ரலில் 29 வயதில் மேஜர் லீக்கில் இறங்கினார். 1921-க்குப் பிறகு அனாபொலிஸிலிருந்து அங்கே போன முதல் ஆள் அவர்தான். இடையில் தொண்ணூற்று நான்கு வருடம்! இந்த எண்ணை மகனிடம் காட்டினேன். “அப்ப அடுத்தது நான்தாம்மா” என்றான். இருபது வயதுக்கு இதுதான் பதில்.

அனாபொலிஸ் பந்து வீச்சாளர் நோவா சாங் கதை எங்கள் வீட்டில் அதிகம் அலசப்பட்டது. 2019-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் நான்காம் சுற்றில் எடுத்தார்கள். அந்தக் கோடையில் கீழ்நிலை லீக்கில் அபாரமாக வீசினார். அப்புறம் கடற்படை விமானப் பயிற்சிக்குப் போக வேண்டிவந்தது, வருடக்கணக்கில் ஆட்டமில்லை. 2022 டிசம்பரில் பிலடெல்பியா ஃபில்லீஸ் அவரைத் தன் பக்கம் இழுத்தது, 2023 தொடக்கத்தில் கடற்படை அவரை ரிசர்வுக்கு மாற்றியது, அந்த ஆண்டே பாஸ்டன் வசம் திரும்பினார். ஆட்டக்காரனை எடுத்த அணி, அவன் சீருடையில் இருக்கும் காலத்தில் உரிமையை ராணுவப் பட்டியலில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். ஆகவே ட்ராஃப்ட்டில் பெயர் வந்துவிட்டால் எல்லாம் போச்சு என்று பயப்பட வேண்டாம். எல்லாம் கிடைத்துவிட்டது என்று கேக் வெட்டவும் வேண்டாம்.

டென்னிஸ், நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ், ஃபுட்பாலில் ஓடியே பேர் வாங்கும் இடங்கள், இவை காத்திருக்காது.

பணியில் இருந்துகொண்டே ஆட முடியுமா?

சில பேருக்கு அமைந்திருக்கிறது, அமைந்ததற்குக் காரணம் பெரும்பாலும் நிலப்படம். அனாபொலிஸின் ஜோ கார்டோனாவை 2015-இல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் ஃபுட்பால் அணி எடுத்தது. அவருக்குக் கிடைத்த பணியிடம் நியூபோர்ட்டின் ஆயத்தப் பள்ளி. அணியின் மைதானம் காரில் போய்வரும் தூரம். அவர் ஆடியது லாங் ஸ்நாப்பர் இடத்தில், ஆட்டத்துக்குச் சில தடவை மட்டும் பந்தைப் பின்னால் அனுப்பும் வேலை. சீருடையிலும் இருந்தார், இரண்டு சூப்பர் பவுல் மோதிரமும் வாங்கினார். எந்த இடத்தில் பணி கிடைக்கும் என்பது நம் கையில் இல்லை என்றாலும், விருப்பப் பட்டியல் எழுதும்போது ஆட்டக் களத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தளங்களை மேலே எழுதலாம்.

வருடத்துக்கு 30 நாள் விடுப்பு உண்டு. அதைத் தீபாவளிக்கும் ஊருக்கும் என்று உடைக்காமல் சேர்த்து வைத்தால் பயிற்சி முகாமுக்கு ஆகும். ஸ்டாபாக் தன் விடுப்பில் கவ்பாய்ஸ் முகாமுக்குப் போனவர்தான். பாட்டிக்கு இதைப் புரியவைப்பது உங்கள் பொறுப்பு.

ஒலிம்பிக் ஆட்டங்களுக்கு வேறொரு வழி இருக்கிறது, நம் வீடுகளில் அதிகம் தெரியாத வழி. தரைப்படையின் உலகத் தர விளையாட்டு வீரர் திட்டம், கொலராடோவின் ஃபோர்ட் கார்சனில். தேசிய அணியை எட்டிப்பிடிக்கும் தரம் இருந்தால் பயிற்சியே அன்றாடப் பணியாகிவிடும், சம்பளமும் பதவி உயர்வும் தொடரும். விமானப்படையிலும் இதே போல ஒன்று உண்டு. வெஸ்ட் பாயிண்டில் 2020-இல் பட்டம் வாங்கிய சமி சல்லிவன் இந்த வழியில்தான் 2024 பாரிஸில் அமெரிக்காவின் ரக்பி செவன்ஸ் பெண்கள் அணியோடு வெண்கலம் வாங்கினார். டெக்சஸில் இருக்கும் என் தங்கை மகள் ரக்பி ஆடுகிறாள். அந்தப் பதக்கத்துக்குப் பிறகு, “பெரியம்மா, வெஸ்ட் பாயிண்ட் ஃபார்ம் எப்ப திறக்கும்?” என்று என்னைக் குடைந்துகொண்டிருக்கிறாள். தங்கை முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

அகாடமியே வேண்டாம், ஆனால் சீருடை வேண்டும் என்றால் ஆர்.ஓ.டி.சி. இருக்கிறது. சாதாரணக் கல்லூரியில் படித்துக்கொண்டே அதிகாரிப் பயிற்சி. சிலர் நேரே ரிசர்வுக்குப் போய்விடுகிறார்கள். கம்பூன்றித் தாண்டும் சாம் கெண்ட்ரிக்ஸ் அப்படித் தரைப்படை ரிசர்வ் அதிகாரியானவர், 2016 ரியோவில் தகுதிச் சுற்றில் தாண்ட ஓடிக்கொண்டிருந்தவர் தேசிய கீதம் கேட்டதும் கம்போடு அப்படியே விறைப்பாக நின்றுவிட்டாரே, அவர்தான். வெண்கலம் வாங்கினார். தொழில்முறை ஆட்டம் ஓரளவு உறுதி என்று தெரிகிற பிள்ளைக்கு அகாடமியைவிட இந்த வழி லேசானது என்பது என் கருத்து.

பணம்

மற்றக் கல்லூரி ஆட்டக்காரர்கள் இப்போது தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரக் காசு பார்க்கிறார்கள். அகாடமிப் பிள்ளைகள் ஏற்கெனவே அரசுச் சம்பளம் வாங்குபவர்கள், அவர்களுக்கு அந்தக் கதவு சாத்தியிருக்கிறது. பிள்ளையின் பெயரைப் போட்டு உங்கள் நண்பர் தன் மளிகைக் கடைக்கு விளம்பரம் செய்ய ஆசைப்பட்டால் அன்போடு மறுத்துவிடுங்கள். ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு யாராவது கல்லூரிக் காலத்திலேயே வந்தால் முதலில் அகாடமியின் விளையாட்டு விதிமுறை அலுவலகத்துக்குப் பேசிவிட்டுத்தான் மறுபேச்சு.

என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

போனில் கேட்காதீர்கள். மின்னஞ்சலில், சேர்க்கை அலுவலகத்துக்கும் விளையாட்டு விதிமுறை அலுவலகத்துக்கும் சேர்த்து ஒரே கடிதம். நான் அனுப்பியதில் இருந்தவை இவை. இந்த வருடம் சேரும் மாணவனுக்கு, பட்டத்துக்குப் பின் தொழில்முறை ஆட்டம் பற்றிய எந்தச் சட்டப் பிரிவும் உத்தரவும் பொருந்தும்? அவன் படித்துக்கொண்டிருக்கும்போது விதி மாறினால் எது அவனுக்குப் பொருந்தும், சேர்ந்த நாள் விதியா, பட்டம் வாங்கும் நாள் விதியா? மூன்றாம் வருடக் கையெழுத்துக்குப் பின் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டிய தொகையை எப்படிக் கணக்கிடுவீர்கள்? ஆட்டத்தில் காயம்பட்டு மருத்துவத் தகுதி இழந்தால் பட்டம் உண்டா, பதவி உண்டா, கடன் உண்டா? நம்மவர்கள் இந்தக் கடைசிக் கேள்வியை அபசகுனம் என்று விட்டுவிடுகிறார்கள். தோள்பட்டை சகுனம் பார்ப்பதில்லை, கேளுங்கள்.

ஒரு இடத்திலிருந்து எனக்கு, “இதெல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம், கவலைப்படாதீர்கள்” என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அதே கடிதத்தை, எண்ணிட்ட கேள்விகளாக மாற்றி, தொகுதிக் காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்துக்கு நகல் போட்டு மறுபடி அனுப்பினேன். இந்த முறை வரிவரியாகப் பதில் வந்தது. எப்படியும் பரிந்துரைக்காக அந்த அலுவலகத்தோடு பேசிக்கொண்டுதான் இருப்பீர்கள், அங்கே அகாடமி வேலையைப் பார்க்கவென்றே ஒருவர் இருப்பார், அவரைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

பதிலை அச்செடுத்து, மேலே தேதி எழுதி, பாஸ்போர்ட் வைக்கும் ஃபைலிலேயே வையுங்கள். இரண்டாம் வருடம் முடிகிற மே மாதத்தில் அதே கேள்விகளை அதே வரிசையில் இன்னொரு முறை அனுப்புங்கள். ஆகஸ்ட் கையெழுத்துக்கு முன் இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாறியிருக்கும் வரிகளுக்குக் கீழே கோடு போட்டுப் பிள்ளை கையில் கொடுத்துவிடுங்கள்.